ஸர்பாஸிடம் நான் கேட்டது

ஆப்கானிஸ்தானில் எங்கள் கோஸ்த் மாகாணத்தில் ஸர்பாஸைப் போல வேகமாகப் பந்து வீசியவன் இன்னொருவன் இல்லை. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆளும் கிடையாது. அவன் பந்தில்தான் என் இடது கண் போனது.

இருவரும் பெஷாவர் அகதி முகாமில், டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்கள். ஊர் திரும்பியபின் அவன் மாகாண அணிக்குப் போனான். ஒரே பருவத்தில் முப்பத்தோரு விக்கெட். தேசிய அணித் தேர்வுக்குக் காபூலிலிருந்து அழைப்பு வந்தது. நான் ஊர் அணியிலேயே கிடந்தேன். வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு, காய்ந்த ஆற்றுப்படுகையில் எங்கள் அணியும் அவன் அணியும் மோதின. அன்று தோல் பந்து. நான் மட்டையோடு இறங்கியதும் ஸர்பாஸே ஹெல்மெட்டைக் கொண்டு வந்து நீட்டினான்.

"மாட்டிக்கோங்க லாலா. இன்னைக்குப் பந்து கண்டபடி எகிறுது."

அண்ணன் முறை வைத்துத்தான் என்னை எப்போதும் லாலா என்பான்.

"டேப் பந்து போட்ட காலத்துலேருந்து உன்னப் பாக்குறவன்டா நான். போ, போய் வீசு," என்று ஹெல்மெட்டைத் தரையில் வைத்தேன். மூன்றாவது பந்து எகிறியது. அதுவரைதான் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் ஸர்பாஸும் அவன் தகப்பனாரும் பெரியவர்களோடு ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஆட்டோடு வந்து மன்னிப்புக் கேட்பவனைத் திருப்பி அனுப்பினால் எங்கள் பக்கம் தலைகாட்ட முடியாது. மன்னிக்கத்தான் வேண்டும். ஆனால் நிபந்தனை வைக்கலாம். என்ன வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டார்கள். நிலம் கேட்பேன் என்று நினைத்திருப்பார்கள்.

"இனிமே அவன் பந்து போடக் கூடாது," என்றேன்.

ஸர்பாஸ் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "சரி லாலா," என்றான். ஆட்டை அறுத்து எல்லோரும் சாப்பிட்டோம்.

கோபம் ஆறியதும் கூப்பிட்டு விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கோபம் ஆறியது, வீம்பு போகவில்லை. தேர்வு நாள் வந்து போனது. காபூல்காரர்கள் இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினானாம். செங்கல் சூளையில் லாரி ஓட்டப் போனான். உலகக் கோப்பை ஆட்டத்தை டீக்கடை டிவியில் ஊரே பார்க்கும்போது, நான் நுழைந்தால் எழுந்து இடம் கொடுப்பான். அந்த மரியாதைதான் என்னைத் தின்றது. இவன் விக்கெட் எடுக்க வேண்டிய ஆட்டத்தை இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன்.

பதினொரு வருஷம் இப்படியே ஓடியது. போன வசந்தத்தில் நானே ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு அவன் வாசலுக்குப் போனேன். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. வேகமாக வீசுகிறவர்கள் ஓய்வு பெறும் வயது. தாமதமாகத்தான் போகிறேன் என்று தெரிந்தே போனேன்.

ஹெல்மெட்டைத் தரையில் வைத்தது நான், பந்தில் தப்பே இல்லை, பொறாமையில் கேட்டுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். இருக்கிற கண்ணைக் கேட்டாலும் கொடுத்துவிடும் முடிவில்தான் இருந்தேன்.

"உன் நிபந்தனையச் சொல்லு ஸர்பாஸ்," என்றேன்.

ஆட்டுக் கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"எதுவும் வேணாம். உள்ள வாங்க லாலா."

பதினொரு வருஷத்துக்கு முன்னால், என் வாசலில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது, நானும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.