நான்காவது ஓலை

1

"பிரவுன் சட்டையப் போடாதீங்க, அது இன்னும் காயல" என்று சொல்லிவிட்டு லிண்டா அம்பாங்கான் கடைத்தெருவுக்குப் புறப்பட்டாள். அங்கே ஒரு கடைவாசலில் மயங்கி விழுந்தவள் பிறகு எழவே இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து பசியாறும்போது, எல்லாரும் எங்கள் கல்யாண ஓலைக் கதையைச் சொன்னார்கள். ஆளுக்கொரு விதம். ஒருவர் நான் குறட்டை விட்டேன் என்றார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அவள் கதையை மற்றவர்கள் கெடுக்க விடமாட்டேன்.

கதையில் என் பெயர் டேரன்; கதைக்கு வெளியேயும் அதுதான். "நான்" என்று ஆரம்பித்தால் நியாயம் என் பக்கம் சாய்கிறது. ஆகவே இனி அவள் பக்கம் நின்றே சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: செம்பனை மரங்களுக்கு மேலே சூரியன் மெல்ல —

வேண்டாம். லிண்டா சூரியனைக் கவனித்ததே இல்லை.

இரண்டாவது: தோட்டத்துக் கோயிலில் மாதம் ஒரு பூசைதான். மூன்று ஓலை வாசித்து முடிக்க மூன்று மாதம்.* பாலர் வகுப்பு டீச்சர் லிண்டா இரண்டு ஓலையைப் பொறுமையாகக் கடந்துவிட்டாள். மூன்றாவதில் தன் பெயர் வந்ததும் ஆண்கள் பக்கம் பார்த்தாள். மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்..." என்றார் ஃபாதர்.

லிண்டாவின் கை மேலே போயிற்று.

"இருக்கு ஃபாதர். மாப்பிள்ளை தூங்குறாரு."

கோயிலே சிரித்தது. திடுக்கிட்டு விழித்த டேரன், பூசை முடிந்ததாக நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். இன்னும் சிரித்தது. அவன் அம்மா விக்டோரியா விருட்டென்று வெளியேறினாள். அவனும் பின்னாலேயே போனான்.

ஃபாதர் மட்டும் சிரிக்கவில்லை. "தடை சொன்ன ஓலை செல்லாது. ரெண்டு பேரும் சம்மதிச்சா மொதல்லேர்ந்து வாசிக்கிறேன்."

* ஓலை: கல்யாணத்துக்கு முன் மூன்று பூசைகளில் வாசிக்கும் அறிவிப்பு. பனையோலையும் இல்லை, செம்பனையோலையும் இல்லை. ஏ-ஃபோர் தாள்.

3

(இந்த டேரனை எனக்குப் பிடிக்கவில்லை. ஃபோனை எடுக்காமல் வீம்பு பிடிக்கிறான். கதையிலிருந்தே அடித்துவிடலாம்; ஆனால் அப்புறம் லிண்டா யாரைக் கட்டுவாள்?)

அழுதுகொண்டு உட்காரும் ஆள் இல்லை லிண்டா. நேரே விக்டோரியா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"என்னாம்மா, இன்னும் தடை ஏதும் பாக்கியிருக்கா?"

"இல்ல ஆன்ட்டி. சொன்னது தப்பு. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னு வந்தேன்."

"செண்டாயான் ஃபேக்டரில ராத்திரி ஷிஃப்ட் முடிச்சி, குளிக்காமகூட வந்து உக்காந்தான். தூங்காம டான்ஸா ஆடுவான்?"

"தெரியும் ஆன்ட்டி. கை முந்திக்கிச்சி. வாய் அது பின்னாலயே போயிருச்சி."

விக்டோரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். (சிரிப்பை அடக்கத்தான். திரைக்குப் பின்னால் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.)

டேரன் வெளியே வந்தான். "நான் யோசிக்கணும்."

"மாசம் முச்சூடும் யோசிங்கலா. அடுத்த பூசைக்கு நான் வந்து உக்காந்திருப்பேன். நீங்க வரலன்னா, ஃபாதர் என் பேர மட்டும் வாசிக்கட்டும்."

4

முடிவு அ: அங்கேயே அவள் கையைப் பிடித்து, டேரன் — பொய்.

முடிவு ஆ: அவன் வரவே இல்லை, அவள் கண்ணீருடன் — பெரிய பொய்.

நடந்தது இது. ஃபாதர் தாளை விரிக்கும்போது வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். டேரன் கண் சிவக்க, விழித்தபடி, ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தான். விக்டோரியா தன் வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. லிண்டாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவள் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தடை ஏதும் அறிந்தவர்கள்..."

கோயில் மொத்தமும் லிண்டாவைத் திரும்பிப் பார்த்தது.

இடது கை சும்மாதான் இருந்தது.

அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். எழுதினால் கதை கல்யாணத்துக்குப் போகும். அங்கிருந்து அம்பாங்கானுக்கும் போய்விடும். போக விடமாட்டேன். அந்தக் கையை உங்களிடம் விடுகிறேன்.

அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. யார் உட்கார்ந்தாலும் ஆடும். இப்போதும் ஆடுகிறது.