இரண்டு பக்கமும் இறக்கம்

ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றிய வருடம் முதல், வில்யார்செகோ என்ற மலையூர் வழியாகப் போகும் அந்தப் பாதை வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு பக்கமும் இறக்கம். ஊர்க்காரர்களுக்கு இரண்டு பக்கமும் ஏற்றம். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஊரின் பழைய ஸ்டேஷனில் வாடகைக்குக் கிடைக்கும் தடித்த டயர் சைக்கிளில் வெளியூர்க்காரன் ஏறி உட்கார்ந்து பக்கத்து ஊரான காமரேத்தா பக்கம் திருப்பினால் அது உருளும். காமரேத்தாவில் காபி குடித்துவிட்டு இந்தப் பக்கம் திருப்பினாலும் உருளும். தொப்பை பெருத்தவர்கள், நெஞ்சில் மருந்துப் பட்டை ஒட்டியவர்கள், ஹெல்மெட் போட்ட குழந்தைகள் எல்லாரும் காலை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, பாதாம் தோப்பைப் பார்த்தபடி போவார்கள். 'குடும்பத்தோடு போக எளிதான மலைச் சைக்கிள் பயணம்' என்று சுற்றுலா அலுவலகம் அச்சடித்துக் கொடுத்தது. அரசாங்கம் அச்சடித்ததில் எவெலியோ கண்ட ஒரே உண்மை அதுதான். அதுவும் யாருக்கு உண்மை என்பது வேறு விஷயம்.

எவெலியோ செம்மறி ஆடு மேய்ப்பவர். எழுபது தாண்டியவர், யாரையும் நம்பாதவர். அந்தப் பாதையில் முன்பு இரும்புத்தாது போனதை அவர் பார்த்திருக்கிறார். மலையைத் தோண்டினார்கள், கடலுக்குக் கொண்டுபோனார்கள். தோண்ட ஒன்றும் மிச்சமில்லை என்றதும் ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். முள் மண்டிக் கிடந்தது. பிறகு டை கட்டிய ஆட்கள் வந்து சரளை கொட்டி, ஓரத்தில் மரக்கைப்பிடி நட்டு, மலையைக் குடைந்த குகைக்குள் விளக்குப் போட்டு, இனி ஊரில் பணம் புரளும் என்று பேசிவிட்டுப் போனார்கள். புரண்டதெல்லாம் சைக்கிள் சக்கரம்தான். ஊரில் இருக்கிற ஒரே மதுக்கடையை நடத்தும் பிரிமிதிவா முதல் கோடையிலேயே கணக்கு முடித்துவிட்டாள். "வேர்த்தாத்தானேய்யா தாகம் எடுக்கும்? இவனுங்க மெத்தையில படுத்துக்கிட்டு வர்ற மாதிரில்ல வர்றானுங்க. ஒருத்தன் காபி கேக்குறான், கூட வந்த எட்டுப் பேரும் கக்கூஸ் எங்கன்னு கேக்குறானுங்க."

தெருவெல் நகரத்திலிருந்து ஒரு நில அளவைக்காரர் வந்தார். கருவியை நட்டு இந்தப் பக்கம் பார்த்தார், இறக்கம். அந்தப் பக்கம் பார்த்தார், இறக்கம். கருவி பழுது என்று எழுதிக்கொண்டு, பிரிமிதிவா போட்ட வறுத்த ரொட்டித் தூளும் பன்றிக்கொழுப்பும் இரண்டு தட்டு தின்றுவிட்டுப் போனார். பிறகு யாரும் வரவில்லை.

எவெலியோவுக்கு அளவைக்காரர் தேவைப்படவில்லை. உயரம் எங்கேயும் காணாமல் போகாது, யாராவது ஏறித்தான் தீர்க்க வேண்டும் என்பது ஆடு மேய்ப்பவனுக்குத் தெரியும். "அவனுங்க மிதிக்காத மிதியை நாம மிதிக்கிறோம்" என்றார். அதைத் தவறு என்று இன்றுவரை யாரும் காட்டவில்லை. அந்த ஊரில் பிறந்த ஆடுகள் பாதையில் இரண்டு பக்கமும் மூச்சிரைத்து ஏறின. வெளிச் சந்தையில் வாங்கிய ஆடுகள் முதல் வருடம் துள்ளி இறங்கும். குட்டி போட்ட பிறகு அவையும் நாக்கைத் தள்ளும். ஊரில் ஒருவர் செத்தாலோ, கதவைப் பூட்டிக்கொண்டு போனாலோ, மறுநாள் காலை பாதை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். சுமையைப் பிரித்துக்கொள்ள ஆள் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். காமரேத்தாவிலிருந்து சைக்கிளில் வந்து போன டாக்டரம்மா ஊரிலேயே ஒரு வீடு எடுத்துத் தங்கினார். அப்புறமும் மூன்று வருடம் பாடிக்கொண்டே உருண்டவர், ஒரு மார்ச் மாதக் காலையில் வியர்த்து விறுவிறுத்து இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊரே கைதட்டியது. அன்று இரண்டு குட்டி அறுத்தார்கள். டாக்டரம்மா சிரித்தபடி சாப்பிட்டார், அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது விறகு விஷயம். வில்யார்செகோவுக்குப் பொதுவில் ஒரு ஓக் காடு உண்டு. நவம்பரில் அதைப் பங்கு பிரித்து, தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். குளிர்காலம் முழுக்கப் புகை எழுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு. ஆனால் சரகோசாவிலும் வலென்சியாவிலும் போய் வாழ்கிற பிள்ளைகள் ஊர்ப் பதிவில் பெயரை மட்டும் விட்டுவைத்து, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் வந்து கணப்பு மூட்டி ஒயின் குடிக்கப் பங்கு வாங்கிப் போனார்கள். ஊர்க் கூட்டத்தில் எவெலியோ எழுந்தார். "காகிதத்துல யார் வேணா ஊர்க்காரன் ஆகலாம். பாதையில விட்டுப் பாருங்க. ஸ்டேஷன்லருந்து குகை வாசல் வரைக்கும் வரட்டும். மிதிச்சு வந்தா பங்கு. உருண்டு வந்தா அப்படியே உருண்டு போகட்டும்." எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. நியாயம் என்று பட்டதால்தான் அப்படி ஒரு கிறுக்குத்தனத்தை முழு ஊரும் சேர்ந்து செய்ய முடிந்தது.

குகை வாசலில் தீர்ப்புச் சொல்ல எவெலியோவையே நிறுத்தினார்கள். 'ஏத்தம்' அல்லது 'எறக்கம்' என்று ஒரு சொல்தான். பெரும்பாலும் எறக்கம்தான். அப்பன் கல்லறைக்கு வருடம் தவறாமல் பூ வைத்தவர்கள், ஆகஸ்ட் திருவிழாவில் புனிதர் சிலையைத் தோளில் தூக்கியவர்கள், அத்தை மகன்கள், மதினிமார்கள், ஒருவர் பின் ஒருவராகக் கால் அசையாமல் உருண்டு வந்து, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குகைக்குள் போனார்கள். சிலர் குகைக்குள் அழுதது வாசலில் கேட்டது. அடுத்த ஆகஸ்டில் திருவிழாவுக்கு ஆள் வரவில்லை, சிலையைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்தார்கள். "விறகைக் காப்பாத்திட்டய்யா. இனி அதைக் கட்டிப் புடிச்சுத் தூங்கு" என்றாள் பிரிமிதிவா. எவெலியோ தன் கிளாஸைக் காலி செய்துவிட்டு எழுந்து போனார்.

சில வருடம் கழித்து அவர் மகன் ஃபெர்மின் சரகோசாவிலிருந்து போன் செய்தான். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், பெண்டாட்டியும் பிரிந்துவிட்டாள், ஊருக்கே வந்துவிடுகிறேன், ஆடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். "எத்தனை நாளைக்கு?" என்றார் எவெலியோ. "கடைசி வரைக்கும்ப்பா" என்றான். போனை வைத்தபின் எவெலியோ வெகு நேரம் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு ஜோடிக் கால். வீட்டில் இன்னும் ஒரு ஆள் இருமுகிற சத்தம். அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அக்டோபரில் கார் நிறையச் சாமானோடு ஃபெர்மின் வந்தான். விடியும் முன் எழுந்தான். கோணலாகப் பிறக்கப் பார்த்த குட்டியைக் கையை உள்ளே நுழைத்துத் திருப்பி எடுத்தான். செத்துப்போன பெரியம்மாவின் வீட்டுக் கூரையில் ஏறி ஓட்டை அடைத்தான், அங்கே குடியேறுவேன் என்றான். எவெலியோ குறை தேடினார், கிடைக்கவில்லை. ஆனாலும் மந்தையை ஓடைப் பள்ளத்துக்குள் சுற்றிக்கொண்டுதான் ஓட்டிப் போனார். மகனோடு சைக்கிள் பாதையை ஒருநாளும் மிதிக்கவில்லை. மகனும் ஏன் என்று கேட்கவில்லை.

நவம்பர் வந்தது. ஊர்த்தலைவி அசுந்தா அவரைத் தேடித் தொழுவத்துக்கே வந்தாள். "மாமா, ஃபெர்மினுக்கு இந்த வருஷம் சோதனை வேண்டாம். டாக்டரம்மாவுக்கே மூணு வருஷம் ஆச்சே. பையன் இப்பத்தான வந்திருக்கான். காலும் மண்ணும் பழகட்டும். விறகு வேணும்னா என் பங்குலருந்து தர்றேன்."

"டாக்டரம்மா வந்தவ. இவன் பொறந்தவன்."

"பொறந்தவங்கதான மாமா உருண்டு போனாங்க எல்லாரும்?"

"எல்லாரும் என் மகனா?"

"உங்களுக்குச் சந்தேகம் இல்லேன்னா எதுக்கு மாமா சோதனை?"

எவெலியோ வைக்கோலை அள்ளி எறிந்துகொண்டே, "ஊருக்கு ஒரு சட்டம், என் வீட்டுக்கு ஒரு சட்டமா? ஞாயித்துக்கிழமை வருவான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மிச்சமிருந்த ஊர் குகை வாசலில் நின்றது. ஃபெர்மின் ஸ்டேஷனில் ஏறினான். தூரத்தில் வளைவு திரும்பியபோது பார்த்தார்கள்: மிதித்துக்கொண்டு வந்தான். உடம்பை முன்னால் வளைத்து, தோள் குலுங்க, பல்லைக் கடித்து, ஒவ்வொரு மிதியாக மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தான். நெற்றியில் வியர்வை ஓடியது. பிரிமிதிவா சிலுவைக் குறி போட்டாள். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். எவெலியோவின் வாய்க்குள் 'ஏத்தம்' என்ற சொல் வந்து தயாராக நின்றது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பூனைக்குட்டி கத்துவது போல மெல்லிய, விடாத சத்தம். இரண்டு பிரேக்கையும் விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிடித்த பிடிக்கு எதிராக மிதித்துக்கொண்டிருந்தான் ஃபெர்மின்.

எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அசுந்தா மட்டும் இன்னும் பலமாகக் கைதட்டினாள், அந்தச் சத்தத்தை மூட. எவெலியோ ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், ஊரில் ஒருத்தரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். அவர் கையை உயர்த்தி, "பிரேக்க விடுடா" என்றார்.

ஃபெர்மின் அப்பனைப் பார்த்தான். விட்டான். சைக்கிள் அவரைக் கடந்து குகைக்குள் உருண்டு போனது. அவர் 'எறக்கம்' என்றார்.

அன்று மாலை ஃபெர்மின் காரில் சாமானை ஏற்றினான். கோபமாக ஏற்றவில்லை, அதுதான் எவெலியோவுக்குத் தாங்கவில்லை. "வந்த மறுநாளே தனியாப் போய்ப் பார்த்துட்டேன்ப்பா" என்றான். "எறக்கம்னு தெரியும். தெரிஞ்சுதான் கூரைய அடைச்சேன். தெரிஞ்சுதான் மிதிச்சேன். பிரேக்கப் புடிச்சுக்கிட்டாவது மிதிச்சேன்ல?" எவெலியோ வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, "மொத பங்க்லயே பெட்ரோல் போட்டுக்க, அதுக்கு மேல இல்ல" என்றார். மறுநாள் காலை பாதை நிமிரவில்லை. அவன் இன்னும் சுமையில் தோள் கொடுக்க ஆரம்பித்திருக்கவில்லை. அதையும் எவெலியோ போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நல்ல பங்கு விழுந்தது. வசந்தத்தில் ஆடுகளை விற்றார். பிரிமிதிவா இறந்தாள், கடை மூடியது. அசுந்தா மகளோடு இருக்கப் போனாள். வீட்டுக்கு வீடு புகை நின்றது. இப்போது ஓக் காட்டில் விறகு வெட்ட ஆளில்லாமல் மக்கிக் கிடக்கிறது, காளான் பறிக்க வருகிற வெளியூர்க்காரர்கள் அதன்மேல் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். ஊருக்கு வந்துகொண்டிருந்த ரொட்டி வண்டியும் நின்றுவிட்டதால் எவெலியோ வாரம் ஒருமுறை காமரேத்தாவுக்கு நடக்கிறார். மிஞ்சியிருப்பவர் சிலரே என்பதால் பாதை அவருக்கு ஏணி போல நிற்கிறது. மரக்கைப்பிடியில் கயிறு கட்டி வைத்திருக்கிறார், அதைப் பிடித்து ஏறுகிறார். பிறகு கயிற்றைப் பிடித்தபடியே, ரொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, வீட்டுக்கும் ஏறுகிறார். எதிரே காலை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள் கையசைப்பார்கள். அவர் ஓரம் ஒதுங்கி வழி விடுவார்.

போன ஆகஸ்டில் ஃபெர்மின் வந்தான். அப்பன் கயிற்றை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "இருங்கப்பா" என்று ஒரு வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ஒரு மிதி மிதிக்காமல் போய், ஒரு மிதி மிதிக்காமல் திரும்பினான். ரொட்டி கையைச் சுட்டது. எவெலியோ அத்தனை சூடான ரொட்டியைத் தின்று பல வருடம் ஆகியிருந்தது. பிய்த்து, பாதியை மகனுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை நின்றபடியே தின்றார். நல்ல ரொட்டிதான் என்றார்.

அவன் கிளம்பிப் போன அந்த வாரமே ரொட்டி தீர்ந்தது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறப் போனார்.