நிறுத்தத் தெரிந்தவன்

2009 மார்ச் 14, சனிக்கிழமை மாலை, கானாவின் தலைநகர் அக்ராவில் புக்கோம் பகுதியில் நடந்த குத்துச்சண்டையின் ஏழாவது சுற்றில் அய்க்வே சோவாவின் தாடை இரண்டு இடங்களில் உடைந்தது.

அரை நிமிடம் முன்புவரை வென்றுகொண்டிருந்தவன் அவன்தான். எதிராளி கைகள் தொங்கக் கயிற்றில் சாய்ந்து கிடந்தான். அய்க்வே அடிக்காமல் நடுவரைப் பார்த்தான். தொடரச் சொல்லி நடுவர் கையசைத்தார். அதற்குள் எதிராளிக்கு மூச்சு திரும்பிவிட்டது.

முப்பத்தெட்டு வயதில், குத்துவதைத் தவிர வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. கடற்கரைச் சர்ச் கூடத்தில் செவ்வாய்தோறும் ஓய்வுபெற்ற நர்ஸ் அட்ஜேலே, வேலை மாற நினைக்கும் நடுவயதுக்காரர்களை உட்காரவைத்துப் பேசினாள். அறிவுரை கிடையாது, கேள்விகள் மட்டும். உடைந்த தாடையைக் கட்டியிருந்த கம்பியை எடுத்ததும் அய்க்வே அங்கே போனான்.

அவன் தோற்ற பத்தொன்பது சண்டைகளையும் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தாள். மூன்று வாரம் ஆனது.

“பதினோரு சண்டைக்கு ஒரே கதையைச் சொல்றே. அவன் முடிஞ்சுட்டான், நான் கையை நிறுத்திட்டேன்னு.”

“அதான்க்கா என் வியாதி. பயந்தாங்கொள்ளி, போய் மீன் வித்துப் பொழைன்னு ட்ரெய்னர் காறித் துப்புவாரு.”

“அவர் கிடக்கட்டும். அவன் முடிஞ்சுட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அய்க்வே யோசித்தான். “பாதத்தைப் பார்ப்பேன். கண்ணு சொருகறதுக்கு முன்னாடியே பாதம் செத்துரும். தட்டையாப் பதியும்.”

“இது யாருக்கு வேணும்?”

“ரெஃப்ரிக்கு” என்றான்.

நடுவராகப் பத்து மாதம் பயிற்சி எடுத்தான். ஒரு சண்டையை அவன் நடத்துவதை மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் உரிமம். கிடைத்த சண்டை புக்கோமிலேயே. அங்கே தரையில் விழுவது வெறும் தோல்விதான். நிற்கும்போதே ஒருவனின் சண்டையை நிறுத்துவதோ அவன் வீட்டையே அவமதிப்பது. அதனால் நடுவர்கள் விழும்வரை காத்திருப்பார்கள்.

மோதிய இருவரில் லாரியேவுக்கு இருபத்திரண்டு வயது, அய்க்வேக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஆறாவது சுற்றில் அவனுக்கு ஈரலில் ஒரு குத்து, நெற்றிப்பொட்டில் மூன்று. காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அய்க்வே பாதத்தைப் பார்த்தான். குறுக்கே புகுந்தான்.

“அண்ணே, விடுங்க. நிக்கிறேன்ல,” என்றான் லாரியே, குழறலாக.

கீழிருந்து லாரியேவின் தாய்மாமன் கத்தினார்: “அய்க்வே, அவனைத் தொட்டே, இங்கேருந்து நடந்து போக மாட்டே.”

அய்க்வே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசிச் சண்டையை முடித்தான்.

முதலில் பறந்து வந்த முக்காலி அய்க்வேயின் நெற்றியைப் பிளந்தது. தாய்மாமன் கயிற்றைத் தாண்டி வந்து விலாவில் உதைத்தார். இன்னொருவன் அவன் விரல்களைச் செருப்புக்காலால் மிதித்து அரைத்தான். அய்க்வே லாரியேவைக் கட்டிப் பிடித்தபடி மூலையில் சரிந்து, டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

“எங்க பிள்ளையை ஊர் முன்னாடி பொம்பளை ஆக்கிட்டியேடா,” என்று சொல்லிச் சொல்லி மாமன் உதைத்தார். லாரியே வாந்தியெடுத்து, உடல் வெட்டி இழுத்தபோதுதான் அவர் கால் நின்றது.

மேற்பார்வையாளர் மேசைக்கு அடியில் இருந்தார். போலீஸ் வந்த பிறகு வெளியே வந்து கையெழுத்திட்டார்.

அன்றே லாரியேவின் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான், இடது கை மட்டும் விளங்காமல் போனது. அவன் வீட்டில் யாரும் அய்க்வேயுடன் பேசுவதில்லை.

அய்க்வேக்கு மூன்று விலா எலும்புகளும் இரண்டு விரல்களும் உடைந்திருந்தன. உரிமம் ஏப்ரலில் வந்தது. அந்த ஆண்டு அவன் பதினான்கு சண்டைகளுக்கு நடுவராக இருந்தான்.