அடியெடுத்துக் கொடுக்க

மயிலாப்பூரில் அச்சகம் வைத்திருந்த ஸ்ரீரங்கன், படிக்கத் தெரியாமலே அச்சடித்த புத்தகம் ஒன்று உண்டு. ராயப்பேட்டை அஸ்மத்துன்னிசா கட்டிய தாலாட்டுகள். பாஷை தமிழ், எழுத்து அரபு. வீட்டுப் பெண்ணின் பெயர் அச்சில் வரக் கூடாதென்று அந்தம்மாவே சொல்லிவிட்டதால், புத்தகத்தில் ‘தாலாட்டு’ என்பதோடு சரி. சட்டப்படி ஒரு பிரதியைத் தேசிய நூலகத்துக்கு அனுப்பினார். மிச்சமெல்லாம் பாழாய்ப்போன வெள்ளத்தில் கூழாகிவிட்டன.

இப்போது அந்தம்மாவுக்கு மறதி. பேத்தி சிம்ராவுக்கு மாசம் நிறைந்துவிட்டது. நாளைக்குப் பிள்ளையை மடியில் போட்டால் பாட, அந்தம்மாவின் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. “யாராச்சும் அடியெடுத்துக் குடுத்தா போதும்ண்ணே, மீதி தானா வந்துரும்” என்று, போகும்போதெல்லாம் ஸ்ரீரங்கனின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

நூலகத்துக்குப் போன் போட்டார். ஆதியில் ஒரே கூடத்தில் அடங்கிய நூலகம். இன்று மாடி மாடியாக வளர்ந்து, பாஷைக்கொரு பிரிவு. தமிழ்ப் பிரிவில் எழுத்துப் புரியாமல் உருதுவுக்கு அனுப்பினார்களாம். அங்கே எழுத்துக் கூடியது, அர்த்தம் கூடவில்லை, அரபுக்குத் தள்ளினார்களாம். இவ்வளவு வளர்ந்து என்ன பிரயோஜனம், இரண்டுங்கெட்டான் புத்தகம் ஒன்று உட்கார இடமில்லையே என்று இவருக்கு எரிச்சலாக வந்தது.

நூலகத்தில் ஒரு நல்ல மனுஷி விடாமல் தேடினாள். கடைசியில் ஒரு பெட்டி அகப்பட்டது. பெட்டி நிறைய அரபு எழுத்துத் தாலாட்டுகள்! எல்லா வீட்டுப் பெண்களும் ஒரே மாதிரிதான் கூச்சப்பட்டிருக்கிறார்கள், ஒன்றிலும் பெயரில்லை. அச்சகத்தின் பெயர் போட்ட அட்டைகளும் என்றோ உதிர்ந்துபோயிருந்தன. எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்ப விதியில்லை, ஒன்றைத்தான் அனுப்பலாம் என்றாள்.

“முதல் வரி சொல்லுங்க சார். படிக்கத் தெரிஞ்சவர் இங்க பக்கத்துலயே இருக்கார்.”

தெரிந்தால்தானே சொல்ல! ஸ்ரீரங்கன் ஆட்டோ பிடித்து ராயப்பேட்டைக்கு ஓடினார். வாசலிலேயே திரும்பப் போன் போட்டு, அந்த மனுஷியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

“அம்மா, முதல் வரி என்ன? அதை மட்டும் சொல்லிடுங்கோ, புஸ்தகம் வந்துடும்.”

அஸ்மத்துன்னிசாவின் முகம் மலர்ந்தது. முதல் வரி என்பது மட்டும்தான் காதில் விழுந்ததோ என்னவோ, முந்தானையை இழுத்து மடியைச் சரிசெய்துகொண்டாள்.

“சொல்லுங்கண்ணே,” என்றாள். “கேட்டுக்கினுதான் இருக்கேன்.”