விடுப்பு மனுவில் கும்பகோணம்

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் கேவலம்.

கல்கத்தா கிடர்பூரில் ஒரு துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களைப் போன்ற அரசு ஊழியர்கள் சொந்தச் செலவில் வெளிநாடு போனாலும் முன்அனுமதி வாங்க வேண்டும். கோப்பு மூன்று மேஜை நகர்வதற்குள் பூஜை விடுமுறையே முடிந்துவிடும். ஆகவே விடுப்பு மனுவில் 'கும்பகோணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி சாவித்ரியோடு பக்கத்து நாட்டுக்கு விமானம் ஏறினேன். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். பயம்தான்.

2

முதல் தொடக்கம்: "மலைமேல் மேகம் தவழ்ந்த ஒரு காலையில் புரட்சி…" (அடித்துவிட்டேன். நான் மேகத்தையே பார்க்கவில்லை.)

இரண்டாவது: "ஊரடங்கு, வாசகனுக்குக் கிடைத்த வரம்." (இது உண்மை. அதனாலேயே அடித்தேன்.)

நாங்கள் இறங்கிய மறுநாள் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஊரடங்கு போட்டார்கள். அறையில் அடைபட்டுக் கிடந்து, கொண்டுபோயிருந்த தடித்த நாவலைப் படித்தேன். ஒரு சர்வாதிகாரியின் நாடு. கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும் ஒரு குமாஸ்தா. பக்க ஓரத்தில் பென்சிலால் "கோழை" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அன்று மத்தியானம் கீழே கூச்சல். சீருடைக்காரர்கள் நான்கு பேர் ஓர் இளைஞனை அடித்து வண்டியில் ஏற்றினார்கள். ஜன்னல் வழியே செல்போனில் படம் பிடித்தேன். நாற்பது விநாடி.

3

மறுநாள் காலை, விடுதி வரவேற்பில் இருக்கும் ரஞ்சன் கதவைத் தட்டினான். அந்த இளைஞன் அவன் தம்பி. போலீஸில் கேட்டால் அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்கிறார்களாம்.

"சார், அந்தத் தெருவைப் பார்த்த ஜன்னல் உங்க ரூம்லதான் இருக்கு. வீடியோ ஏதாவது எடுத்தீங்களா?" என்று இந்தியில் கேட்டான்.

இந்த இடத்தில் என் வரைவில் சாவித்ரி பேசுவாள்: "நமக்கெதுக்குன்னா வம்பு? ஆபீஸ்ல கும்பகோணம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேள்."

(பொய். அது நான் எனக்குள் சொல்லிக்கொண்டது. அவள் சொன்னது: "குடுத்துடுங்கோன்னா. பாவம், கூடப் பொறந்தவன்." இந்தப் பாத்திரம் ஏன் ஒட்டவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பழியைத் தூக்கி அவள்மேல் போட்டால் எப்படி ஒட்டும்?)

"நேத்து மத்தியானம் தூங்கிட்டேன், பாய்" என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். கதவைச் சாத்தி வீடியோவை அழித்தேன். சாவித்ரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

4

"கும்பகோணத்துல மழையா சார்?" என்று அலுவலகத்தில் வாஞ்சிநாதன் விசாரித்தார். "நல்ல மழை" என்றேன்.

வீட்டில் எங்கள் பெண் ஸ்னேகாவிடம் சாவித்ரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், தமிழைவிட வங்காளம் சரளம்.

"பாபா, டிலீட் பண்ணாலும் தேர்ட்டி டேஸ் டிராஷ்ல இருக்கும். ரெஸ்டோர் பண்ணி அனுப்பு. ஆமி கொரே தேபோ?"

'நான் செய்து தரட்டுமா' என்கிறாள். அப்போது பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முதலில் இதைக் கதையாக எழுதிவிட்டால் தைரியம் வரும் என்று நினைத்தேன். (எழுதுகிறவர்கள் இப்படி நினைப்பதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.)

5

முடிவுகள் மூன்று யோசித்தேன்.

அ. கதாநாயகன் வீடியோவை அனுப்புகிறான். தம்பி வெளியே வருகிறான். அலுவலகத்தில் இவனுக்கு மெமோ.

ஆ. அனுப்புகிறான். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அன்று சாவித்ரி அவனை நிமிர்ந்து பார்க்கிறாள்.

இ. அனுப்ப

'இ'யை எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்னேகா வந்து என் போனை எடுத்துப் பார்த்தாள். குப்பையில் ஒன்றுமில்லை. முந்தின நாளோடு முப்பது நாள் முடிந்திருந்தது. முந்தின நாள் முழுக்க நான் 'ஆ'வின் கடைசி வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அப்படிக் கூசிப்போய் நான் உட்கார்ந்ததே இல்லை.

வீடியோதான் போயிற்று, கண்ணால் பார்த்தது போகவில்லை. எத்தனை மணி, அவன் சட்டை என்ன நிறம், எந்தப் பக்கம் வண்டி போயிற்று, எல்லாம் நினைவிருக்கிறது. எழுதி, பெயரும் விலாசமும் போட்டு அனுப்பலாம். விலாசம் கல்கத்தாதான், கும்பகோணம் இல்லை.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். உங்களிடம் விட்டு என்ன பயன்? கையெழுத்து நான்தானே போடவேண்டும். ரஞ்சனுக்கு இதுவரை எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"ரஞ்சன் பாய், அன்று நான் தூங்கவில்லை. உங்கள் தம்பியைக் கொண்டுபோனதைப் பார்த்தேன். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். என் பெயர்