கை தட்டும் இடம்

தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கினார். தூக்கினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. கால் தரையிலிருந்து ஒரு செருப்பின் உயரத்துக்குக் கிளம்பி, இங்கே எதற்கு வந்தோம் என்று யோசித்துவிட்டுத் திரும்ப இறங்கிவிட்டது.

"என்னடா இது?" என்றாள் அக்கா கட்டிலிலிருந்து. காகிதத்தை மடிக்கிற சத்தம் அளவுக்குத்தான் குரல் வந்தது. நக்கல் மட்டும் குறையாமல் வந்தது.

"காலைத் தூக்கறா. இப்படி, பின்னால."

"அவ தூக்கியிருப்பா. நீ தூக்கறது, நாய் கம்பத்தைப் பாத்த மாதிரி இருக்கு."

கதவோரம் நின்றிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார் சாகக் கிடக்கும்போது சிரித்தால் நன்றாகவா இருக்கும் என்று அவளுக்குச் சங்கடம்.

"சிரிம்மா, சிரி," என்றாள் அக்கா. "நான் இருக்கும்போதே சிரிச்சுக்கோ. அப்புறம் சிரிச்சா உன்னைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க."

"போங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு மனைவி நன்றாகவே சிரித்தாள்.

தம்பி வேலை பார்த்தது ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடையில். அறுபதை எட்டிப் பார்க்கிற வயது. தொப்பையும் உண்டு, ஒரு முழங்கால் தகராறும் உண்டு. இந்த உடம்பு ஒரு நாள் ஒரு பெண்ணின் நடனத்தை மேடையிலிருந்து படுக்கையறை வரைக்கும் சுமந்து வரவேண்டியிருக்கும் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால், ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள் என்று கதவைச் சாத்தியிருப்பார்.

காலையில் டாக்டர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தம்பியைக் கூடத்துக்கு அழைத்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று மெல்லச் சொன்னார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "வெளிய நின்னு குசுகுசுன்னு பேசாதீங்க. உள்ள வந்து பேசுங்க. அதுல எனக்கும் கொஞ்சம் சம்பந்தம் இருக்கு."

டாக்டர் உள்ளே போய்ச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு தம்பியைப் பார்த்து, "அப்ப மத்தியான ஆட்டத்துக்கு நீ மட்டும் போயிட்டு வந்துடு," என்றாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? இந்த நேரத்துல நான் டான்ஸ் பாக்கப் போகணுமா?"

"நீ இங்க உக்காந்து என்ன செய்யப் போறே? என் மூஞ்சியைப் பாத்து மூக்கை உறிஞ்சுவே. அங்க போனா ஒரு வேலை நடக்கும். முழங்கை தானே சொந்தமா அமைச்ச ஆட்டத்தைத் தனியா ஆடறாடா. முதல் தடவை. எப்படி முடிச்சான்னு தெரியாம நான் எப்படிப் போறது?"

முழங்கை என்பது ஒரு ஆட்டக்காரி. அவளுடைய நிஜப் பெயர் நிகழ்ச்சித் தாளில் இருக்கும். அக்காவும் தம்பியும் அதை உபயோகித்ததே இல்லை. பல வருடங்களுக்கு முன்னால், ஒரு பெரிய பாலேயில் வெள்ளைப் பாவாடைக் கூட்டத்தின் கடைசி வரிசையில் அவள் நின்றிருந்தாள். எல்லாப் பெண்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி கையைத் தூக்கினார்கள். அக்கா தம்பியின் விலாவில் இடித்து, "கடைசி வரிசை, ஓரத்துல பாரு. எல்லாக் கையும் மேல போயிடுச்சு. அவ முழங்கை மட்டும் தனியா யோசிச்சிட்டு வருது," என்றாள். தம்பி பார்த்தார். அவருக்கு அத்தனை பேரும் ஒன்றாகத்தான் தெரிந்தார்கள். அன்றிலிருந்து அக்கா அந்த முழங்கையை விடவில்லை. அது கடைசி வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தது, பாலேயை விட்டது, நுனிக்கால் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நவீன நடனம் ஆடும் சின்னக் குழுவில் சேர்ந்தது, நடுவில் கணுக்கால் உடைந்து ஒரு வருடம் காணாமல் போனது. எல்லாவற்றுக்கும் அக்கா கீழே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசினது கிடையாது. போய்ப் பேசலாமே என்று தம்பி ஒருமுறை சொன்னபோது, "என்னத்தைப் பேச? அவ ஆடறா, நான் பாக்கறேன். பேச்சுவார்த்தை நல்லாத்தானே போயிட்டிருக்கு?" என்றாள்.

அக்கா பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் ஆடியதில்லை, ஆட ஆசைப்பட்டதும் இல்லை. சின்ன வயதில் கற்றுக்கொண்டீர்களா என்று இடைவேளையில் யாராவது பரிதாபமாகக் கேட்டால், "எல்லாரும் மேல ஏறிட்டா கீழ யாரு உக்காருறது?" என்பாள். கடைசியில் ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று வணங்கும்போது தொழில் புத்தி எட்டிப் பார்க்கும். "இடது பக்கப் பையனுக்குக் கடைவாய்ப் பல்லு வலிக்குது. சிரிப்பு ஒரு பக்கமாவே வருது பாரு."

அவளோடு ஆட்டம் பார்க்க வந்துகொண்டிருந்த சிநேகிதி ஊர் மாறிப் போனபோது பக்கத்து இருக்கை காலியானது. முதலில் தம்பி மனைவியைத்தான் கூப்பிட்டாள். "ரெண்டு மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை பேசாம இருக்கறதைப் பாக்க அங்க எதுக்கு அண்ணி வரணும்? அதான் இவரோட வீட்லயே இருக்கே," என்று அவள் மறுத்துவிட்டாள். அப்படித்தான் தம்பி ரசிகரானார்.

ரசிகர் என்றால், தூங்குகிற ரசிகர். அந்த அரங்கத்தின் ஏசி அப்படி. கம்ப்ரசர் ஓடுகிற சத்தமே கேட்காது. தொழில் தெரிந்தவன் போட்டது என்று மெச்சிக்கொண்டே கண்ணை மூடிவிடுவார். ஆனால் முதல் நாள் தூங்கவில்லை. தூங்கியிருக்கலாம். அன்று மேடையில் விளக்கு அணைந்தது. தம்பிக்குத் தெரிந்த உலகத்தில் விளக்கு அணைந்தால் கடையை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். நல்ல மனசோடு, பலமாக, கை தட்டினார். அரங்கம் முழுக்க அவர் கை மட்டும். ஸ்பேனர் பிடித்த கை வேறு. விளக்கு திரும்ப வந்தது. ஆட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்று ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அக்கா அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்துத் தம்பி செத்துப் போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தம்பி அரங்கத்தில் உட்கார்ந்ததுமே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். மேடையில் அசைவு நின்றால், "முடிஞ்சுதா?" என்று அக்காவின் காதில் கேட்பார். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். அல்லது கை தட்டுவாள். அவள் தட்டிய பிறகுதான் மற்றவர்களும் தட்டுவார்கள். அது அந்த அரங்கத்தில் எழுதப்படாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

"உனக்கு எப்படித் தெரியுது?" என்று ஒருநாள் கேட்டார்.

"விளக்கைப் பாக்காதே, ஆளைப் பாரு. ஆடிட்டிருக்கும்போது அவங்க விடறது ஆட்டத்தோட மூச்சு. அசையாம நின்னாலும் அதான். முடிஞ்சதும் சொந்த மூச்சு வரும். தோள் இறங்கும், மாடி ஏறி வந்த மாதிரி. அப்ப தட்டு."

ஆகவே இன்று மத்தியானம் தம்பி தனியாகப் போனார். மனைவிதான் சட்டையை எடுத்துக் கொடுத்து, "போயிட்டு வாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். தூங்கிடாதீங்க," என்றாள்.

வாசலில் டிக்கெட் பார்க்கிற அம்மா அவர் தோளுக்குப் பின்னால் தேடினாள். "அக்கா எங்க?"

"உடம்பு முடியல. நான் பாத்துட்டுப் போய்ச் சொல்லணும்."

"நீங்களா?" என்றாள் அவள். பிறகு அப்படிக் கேட்டது தப்போ என்று, அவர் கையைத் தொட்டு, "முன்னால காலியா ஒரு இடம் இருக்கு. அங்க உக்காந்தா தூக்கம் வராது," என்றாள்.

வேண்டாம் என்று வழக்கமான ஓர இருக்கைக்கே போனார். பக்கத்து இருக்கையில் தன் கோட்டை வைத்தார். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்ணிமைக்கக்கூடப் பயந்துகொண்டு ஒரு நடனத்தைப் பார்த்தார்.

"கால் போதும்டா," என்றாள் அக்கா இப்போது. "அப்புறம்?"

"அப்புறம் ஓடறா. ஓடி, விழறா. எழுந்துக்கறா. திரும்ப விழறா. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி விழறா. ஒரு தடவை மாவு மூட்டை மாதிரி. ஒரு தடவை... துணி கொடியிலேர்ந்து நழுவுமே, அந்த மாதிரி." கைகளால் காட்டினார். விழுந்து காட்டவில்லை, எழுப்ப ஆள் வேண்டும்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு ஒன்று வந்தது. பிறகு இடைவெளி. பிறகு ஒன்று.

"அந்த முழங்கை?"

"இருக்கு. இன்னும் லேட்டாத்தான் வருது. ஆனா இப்ப அதைக் கெத்தா லேட்டா வர வைக்கறா. கை முழுக்கப் போயிடுது, இது மட்டும் நிக்குது. எல்லாரும் அதையே பாக்கறாங்க. அப்புறம், சரி வரேன்னு வருது."

அக்காவின் முகத்தில் சிரிப்பு பரவுவதற்கு நேரம் எடுத்தது. பரவிய பிறகு இறங்கவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்ல."

"சொன்னே."

"முடிவைச் சொல்லு."

"நமக்கு முதுகைக் காட்டிட்டுத் தரையில உக்காந்துக்கறா. முடியை அள்ளி முடியற மாதிரி முழங்கையைத் தூக்கறா. அப்படியே இருக்கா. விளக்கையும் அணைக்க மாட்டேங்கறான். யாருக்கும் ஒண்ணும் புரியல. எல்லாரும் நம்ம பக்கமா திரும்பிப் பாக்கறாங்க. உன் இடத்துல என் கோட்டுதான் இருக்கு."

"கோட்டு தட்டுச்சா?"

"நான் தட்டினேன்."

அக்கா கண்ணைத் திறந்தாள். "எடம் தெரிஞ்சா தட்டினே?"

"முதுகையே பாத்துட்டிருந்தேன். தோள் இறங்குச்சு. சொந்த மூச்சு. தட்டிட்டேன். ஒரு நிமிஷம் நான் மட்டும்தான். உசுரே போயிடுச்சு. அப்புறம் மொத்தக் கூட்டமும் தட்டுச்சு."

அக்கா வெகுநேரம் அவரையே பார்த்தாள். பல் செட் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது. தம்பிக்கு அது தெரியும். திருப்தியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள், அடுத்ததைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

"எங்க, அந்த முடிவை ஆடிக் காட்டு," என்றாள். "வாயைத் திறக்காம."

தம்பி கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். முழங்கால்கள் பக்கவாத்தியம் வாசித்தன. எதிரே துணி அலமாரி. அதன் கைப்பிடியில் அக்காவின் வெளியே போகிற கைப்பை தொங்கியது. அவருக்கு அள்ளி முடிய முடி இல்லை. இருந்தாலும் வலது கையை மெல்லத் தூக்கினார். மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு முழங்கையைக் கூப்பிட்டார். அது தாமதமாக வந்தது. வேண்டுமென்று அல்ல, வயதினால். ஆனாலும் நன்றாக வந்ததாகவே அவருக்குப் பட்டது.

பின்னால் ஒரு மூச்சு கேட்டது. இடைவெளி. ஒரு மூச்சு.

ஃபிரிட்ஜ் சத்தம் நின்றால் கெட்டுவிட்டது என்று பதறி ஓடிவருகிறவர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்வார்: நின்னா நின்னதுதான்னு இல்லைங்க, போதுமான குளிர்ச்சி வந்துட்டா தானா நிக்கும், கொஞ்சம் பொறுங்க, திரும்ப ஓடும். அவர் பொறுத்திருந்தார். கை வலித்தது. தோள் இறங்கப் பார்த்தது, இறக்கவிடவில்லை. ஜன்னல் வெளிச்சம் அலமாரிக் கதவில் சாய்வாக விழுந்திருந்தது. கீழே தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட, அந்த ஆள் வரேன் வரேன் என்றார்.

"ஏங்க," என்றாள் மனைவி.

"இரு," என்றார் திரும்பாமல். "முடிஞ்சுதா?"

மனைவி வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தூக்கியிருந்த முழங்கையை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல இறக்கினாள்.

"பாத்தாங்க," என்றாள் சற்றுக் கழித்து. "கடைசி வரைக்கும் பாத்தாங்க. கண்ணை எடுக்கவே இல்ல."

அவரை எழுப்பிவிட்டு, அக்காவின் கண்களை மூடிவிட்டு, டாக்டருக்குச் சொல்ல அவள் கூடத்துக்குப் போனாள். தம்பி நாற்காலியைத் திருப்பிக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார். அக்காவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. போர்வை அசையவில்லை. அவர் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழக்கத்தில் கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் போயிருந்தன. கூடத்தில் மனைவி தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவசரப்பட்டுவிடக் கூடாது.