பத்துக்கு எவ்வளவு

கடை கடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை போடுவது அவள் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கிராம் அக்கா. இருபத்திரண்டு வருடமாக யாரையும் அதட்டிக்கூடப் பேசாதவள், போன மாதம் ஒரு கடைக்காரர் பல்லை இளித்துக்கொண்டு, "ரெண்டு கிராம்தானே மேடம்" என்றதும் தராசைத் தூக்கித் தரையில் போட்டுவிட்டாள். ஏன் போட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. கட்டாய விடுப்பு. மனநல ஆலோசகர் படிவத்தில் அவள் மனப்பாரம் பத்துக்கு எவ்வளவு என்று ஐந்துக்கு மேற்படாத எண் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் திரும்ப வேலை.

இன்று ஆறாவது சந்திப்பு. இதுதான் கடைசி. ஆலோசகருக்கு அவள் மகள் வயது.

"கையை இறுக்கி மூடுங்க. இன்னும். இப்ப மெதுவா விடுங்க, மூச்சும் கூடவே போகட்டும்" என்றாள் அந்தப் பெண்.

"விட்டாச்சும்மா."

"மனசுல இருக்குற பாரம் இப்ப பத்துக்கு எவ்வளவு?"

இந்தக் கேள்விதான் வாரா வாரம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. "மூணுன்னு சொல்லிட்டு வா, யாரு அளந்து பாக்கப் போறா" என்று கணவர் சொல்லியிருந்தார். "மூணுன்னா சந்தேகம் வரும் அண்ணி, நாலுன்னு சொல்லுங்க" என்றாள் நாத்தனார். காய்கறிக்குப் பேரம் பேசுவது மாதிரி.

"ஒண்ணும் புரியலம்மா. முன்னாடி எனக்குத் தோள்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. நீங்க இறுக்கி விடச் சொன்னதுலேருந்து வலிக்குது. இது கூடினதா, குறைஞ்சதா?"

"வலி தெரியறது நல்லதுதான்."

"அப்ப எண்ணு ஏறணுமா, இறங்கணுமா?"

அந்தப் பெண் பேனாவை மூடித் திறந்தாள். "தோணுறத சொல்லுங்களேன்."

"தோணுறத சொல்ற தராசுக்கு நான் முத்திரை போட மாட்டேனே. பூஜ்யம்னா எது, அத சொல்லுங்க."

"மனசுல ஒண்ணுமே இல்லாம இருக்கறது."

"அப்படி ஒரு நாள் எனக்கு ஞாபகமே இல்ல. காலித் தட்டு பூஜ்யம் காட்டுதான்னு பாக்காம எடை போட்டா அது செல்லாதும்மா. சரி, உங்களுக்கு இப்ப எவ்வளவு?"

அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "ஆறு. ஆறரைகூட இருக்கும்."

"அத வெச்சுக்கிட்டுதான் வேலைக்கு வந்திருக்கீங்க."

இருவரும் படிவத்தைப் பார்த்தார்கள், யாரோ மறந்து விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல.

"நாலுன்னு எழுதிடவா அக்கா?"

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கடைக்காரர் இளித்த பல்லும் கூடவே நினைவுக்கு வந்தது.

"ஆறுன்னு எழுதுங்க. முன்னபின்ன ஒண்ணு பிழை இருக்கலாம்னும் சேத்து எழுதுங்க. அது இல்லாத தராசு கிடையாது."

"அப்ப அஞ்சாவும் இருக்கலாம்."

"ஏழாவும் இருக்கலாம்."

அந்தப் பெண் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

படியிறங்கும்போது கணவர் போனில் கூப்பிட்டார். "எவ்வளவு போட்டாங்க?"

"ஆறு. முன்னபின்ன ஒண்ணு."

"என்ன கணக்கு இது? வேலை உண்டா, இல்லையா?"

"தெரியலங்க."

"சரி, அத விடு. நீ எப்படி இருக்க?"

படிவம் கைக்குள் கசங்கிக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விட்டாள்.

"இருங்க, பாத்து சொல்றேன்."